அழைப்பிதழின் வால்

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணத்துக்குக் கூப்பிடுவதென்றால் நேரில் வந்து கூப்பிட வேண்டும். புருஷனும் மனைவியுமாக வர வேண்டும். தட்டில் கற்கண்டு இருக்க வேண்டும். பத்திரிகையைக் கையில் கொடுத்து, "குடும்பத்தோட வந்துரணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது அழைப்பு இல்லை, வெறும் தகவல். தகவலைக் கேட்டுவிட்டு யாரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள்.

இந்தப் பழக்கத்தால்தான் நானும் என் அண்ணனும் நான்கு வருஷம் பேசாமல் இருந்தோம்.

என் பெயர் நர்கீஸ். திண்டுக்கல் நாகல் நகரில் வீட்டிலேயே பிரியாணி மசாலா அரைத்து, பாக்கெட் போட்டு விற்கிறேன். அண்ணன் சாகுல் ஹமீது பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கிறார். எங்கள் தகப்பனார், அத்தா, நடத்திய மண்டி அது. என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போனால் பத்து நிமிஷம்.

என் மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் பீர் முகமது வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இருநூறு வீட்டுக்குப் பத்திரிகை வைத்தாக வேண்டும், ஆள் இல்லை. சின்னம்மா மகன் பேகம்பூர்ப் பக்கம் போகிறான் என்று அண்ணன் வீட்டுப் பத்திரிகையையும் அவனிடமே கொடுத்து அனுப்பினேன். கூடப்பிறந்தவர்தானே, புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவன் போன நேரம் அண்ணன் வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பத்திரிகையைப் போட்டுவிட்டு வந்துவிட்டான்.

"பால் பாக்கெட் போடுற மாதிரி போட்டுட்டுப் போயிருக்கா" என்று அண்ணன் நாலு பேரிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. கால் உடைந்த கதை தெரிந்தும் இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கும் கோபம் ஏறிவிட்டது. நான் போய்க் கூப்பிடவில்லை. அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் இல்லாமலே என் மகள் நிக்காஹ் முடிந்தது. என் கோபத்தைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அண்ணன் அதில் எனக்கு ஒரு படி மேலே.

இனி ரீனா டீச்சரின் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் எடுப்பவர். போனையும் கம்ப்யூட்டரையும் ஏமாறாமல் பயன்படுத்துவது எப்படி என்று பெண்களுக்காக ஆறு சனிக்கிழமை இலவச வகுப்பு வைத்தார். எனக்கு ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஆனால் போன் என்ன கேட்டாலும் படிக்காமல் 'சரி'யை அமுக்கிவிடுவது என் விரலின் வழக்கம். அதனால் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி, இருபத்தைந்து பேர் உட்கார்ந்தோம்.

முதல் நாளே டீச்சர் எங்கள் மானத்தை வாங்கிவிட்டார். "யாரும் உங்க பாஸ்வேர்டைச் சொல்லாதீங்க. நான் கேக்குறதுக்குக் கையை மட்டும் தூக்குங்க. மாதான்னு எங்கயாவது வருதா?" என்றார். வியாகுலம்மாள் அக்கா உட்கார்ந்திருந்த வரிசையில் ஏழு பேர் கை தூக்கினார்கள். "சரி, எழுநூத்தி எம்பத்தாறு வருதா?" என்றார். பிஸ்மில்லாஹ்வுக்கு நாங்கள் எழுதும் எண் அது. எங்கள் வரிசை மொத்தமும் தூக்கியது, என்னையும் சேர்த்து.

"அப்ப திருடனுக்கு இந்த ரூம்ல ரெண்டே ரெண்டு தடவை யோசிச்சாப் போதும்" என்றார் டீச்சர்.

"மாதா காப்பாத்த மாட்டாளா டீச்சர்?" என்று வியாகுலம்மாள் அக்கா கேட்டார். அவர் பூக்கடைக்காரர். நிலக்கோட்டையிலிருந்து தினமும் மல்லிகை எடுத்து விற்பவர். எதையும் பேரம் பேசாமல் விடமாட்டார்.

"காப்பாத்துவாக்கா. கதவையும் பூட்டிக்கோன்னுதான் சொல்லுவா."

மூன்றாவது வகுப்பில் சொன்னதுதான் இந்தக் கதைக்கு வேண்டியது. யாராவது நமக்கு ஏதாவது அனுப்பினால் அதன் பெயரைப் பார்க்கக் கூடாதாம், வாலைப் பார்க்க வேண்டுமாம். பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் மூன்று எழுத்து. அதுதான் வால். பி.டி.எஃப் என்று இருந்தால் அது காகிதம். ஜே.பி.ஜி என்றால் போட்டோ. "ஏ.பி.கே-ன்னு இருந்தா அது காகிதமும் இல்ல, போட்டோவும் இல்ல. அது ஒரு ஆள் மாதிரி. நீங்க கதவைத் தொறந்துவிட்டா உள்ள வந்து உக்காந்துக்கும். உங்களுக்கு வர்ற மெசேஜ் எல்லாம் அது படிக்கும். பேங்க்ல இருந்து நம்பர் வந்தா உங்களுக்கு முன்னாடி எடுத்துக்கும்" என்றார்.

தெரிந்தவர்கள் அனுப்பினால்? அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "தெரிஞ்சவங்க பேர்லதான் வரும். சந்தேகம்னா மெசேஜ் வந்த வழியிலயே திருப்பிக் கேக்காதீங்க. அங்க உக்காந்து பதில் சொல்றவனே திருடனா இருப்பான். வேற வழியில கேளுங்க. நேர்ல போங்க, இல்ல வேற நம்பருக்கு அடிங்க." நோட்டில் எழுதிக்கொண்டேன். அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

நான்காவது வகுப்புக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. மிளகாய்த்தூள் கையோடு பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தேன். போன் ஒரு சத்தம் போட்டது. திரையில் 'அண்ணன்' என்று இருந்தது. நான்கு வருஷமாக அந்தப் பெயர் என் போனில் வந்ததில்லை.

"எங்கள் வீட்டு நிக்காஹ் அழைப்பிதழ். குடும்பத்துடன் வரவும்" என்று எழுதி, கீழே ஒன்று இணைத்திருந்தது.

அடுத்த நிமிஷம் எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. அண்ணனுக்கு ஒரே மகள், சபிஹா. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்குக் கல்யாணம். அதற்கு எனக்குப் போனில் அழைப்பு! ஜன்னலில் போட்ட பத்திரிகைக்கு இது பதில் மரியாதை. நான்கு வருஷம் காத்திருந்து பழி தீர்த்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

"கத்தாத. என்னைக்குக் கல்யாணம்னு தொறந்து பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

திறந்திருப்பேன். சத்தியமாகத் திறந்திருப்பேன். கையில் மிளகாய்த்தூள் இருந்ததால் முதலில் கழுவப் போனேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கண்ணாடி போட்டுப் பார்க்கும்போதுதான் வால் தெரிந்தது. ஏ.பி.கே.

"இது பத்திரிகை இல்லைங்க" என்றேன்.

"இப்பல்லாம் பாட்டு, படம் எல்லாம் வச்சுப் புதுசு புதுசாப் பண்றாங்க. அப்படி ஏதாச்சும் இருக்கும். நீ ஒருத்தி, நாலு நாள் வகுப்புக்குப் போயிட்டு..."

நான் ரீனா டீச்சருக்கு அடித்தேன். அவருக்கு இடைவேளை நேரம், எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "தொடாதீங்க. அழிச்சிருங்க. முதல்ல அண்ணனுக்குச் சொல்லுங்க. அவர் போன் இன்னொருத்தன் கையில இருக்கு" என்றார்.

"நாங்க பேசிக்கிறது இல்ல டீச்சர்."

"அது எனக்குத் தெரியாதுக்கா. அவர் பேங்க் கணக்கு அந்த நம்பர்லதான இருக்கும்? ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து" என்று சொல்லிவிட்டு மணி அடிக்கிறது என்று வைத்துவிட்டார்.

சொல்வது சுலபம். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் அழைத்து, அது நிஜக் கல்யாணமாக இருந்துவிட்டால்? 'பத்திரிகையைப் பார்த்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு கூப்பிட்டாள்' என்று அண்ணி ஊர் முழுக்கச் சொல்வார். அழைக்காமல் இருந்து, அது திருட்டாக இருந்தால்? சபிஹா கல்யாணத்துக்கென்று அண்ணன் வருஷக்கணக்காகச் சேர்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவ்வளவும் போய்விடும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான் என்று ஆகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி வரைக்கும் ஒரு பாக்கெட்டும் ஒட்டவில்லை. வீட்டுக்காரர் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிப் போனார்.

அந்த நேரத்தில் என் பெரியப்பா மகள் ஜெய்தூன் பீவி அழைத்தாள். அவள் பேச ஆரம்பித்தால் நாம் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வரலாம்.

"ஏண்டி நர்கீஸ், ஒங்கண்ணனுக்கு எம்புட்டுத் திமிரு பாத்தியா? எங்களுக்கெல்லாம் போன்லயே அழைப்பு அனுப்பிட்டாரு. எங்க வீட்டுப் படி ஏறுனா காலு தேஞ்சிருமா? நான் அதைத் தொறந்துகூடப் பாக்கல, அம்புட்டு ஆத்திரம்."

"அவருகிட்ட நீ கேட்டியா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? வேணும்னா அவரு வரட்டும். எங்க மாமியார் வீட்லயும் வந்திருக்கு. ஒருத்தரும் பதில் போடல. பள்ளிவாசல்ல பாத்தாலும் முகம் குடுக்கக் கூடாதுனு எல்லாரும் பேசி வச்சிருக்காக."

அவள் பேச்சு எனக்குச் சிரிப்பையும் வெட்கத்தையும் சேர்த்துக் கொடுத்தது. காலையிலிருந்து நான் என் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்ததைத்தான் அவள் வாய்விட்டுப் பேசினாள். இத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது, ஒருத்தராவது அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் வீட்டிலேயே விஷயம் தெரிந்திருக்கும். கோபித்துக்கொண்டு எல்லோரும் சும்மா இருக்கிறோம். திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டரை மணிக்கு ஜும்மா முடிந்து மண்டி திறந்திருக்கும். வேறு வழியில் கேட்க வேண்டும் என்றால் எனக்கு ஒரு வழி தெரியும். மண்டியில் ஒரு லேண்ட்லைன் உண்டு, அத்தா காலத்து நம்பர். அதை எந்தப் போனிலும் நான் பதிந்து வைத்ததில்லை, தேவைப்பட்டதும் இல்லை. விரலுக்கே தெரியும். அடித்தேன்.

"ஹலோ, மண்டி" என்றது அண்ணன் குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன்.

என் குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் சலாம் சொன்னால் பதில் சொல்லாமல் இருக்க முடியாதே. செத்த நேரம் கழித்து, "வஅலைக்கும் ஸலாம்" என்றார்.

"அண்ணே, சபிஹாவுக்குக் கல்யாணமா?"

"யாரு சொன்னா? அவ இப்பத்தான பி.காம் ரெண்டாம் வருஷம் படிக்கிறா!"

நடந்ததைச் சொன்னேன். அவர் போனிலிருந்து ஊர் முழுக்க அழைப்பிதழ் போயிருக்கிறது என்றேன். முதலில் நம்பவில்லை. பிறகு மெதுவாக, "அதான் இன்னிக்குப் பள்ளிவாசல்ல ஒருத்தனும் மொகம் குடுக்கல. சலாத்துக்குப் பதில் சொல்லிட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிறான். என்ன பாவம் பண்ணோம்னு முழிச்சுக்கிட்டே வந்தேன்" என்றார்.

"உங்களுக்கு இந்த மாதிரி ஏதாச்சும் வந்துச்சா?"

வந்திருக்கிறது. புதன்கிழமை, வேடசந்தூரில் அவருக்குத் தோல் கொடுக்கும் வியாபாரியின் பெயரில். அண்ணன் திறந்திருக்கிறார். போன் என்னென்னவோ கேட்டிருக்கிறது, எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டிருக்கிறார். விரல் விஷயத்திலும் நாங்கள் அண்ணன் தங்கைதான். கடைசியில் பத்திரிகை ஒன்றும் வரவில்லை.

"அவருகிட்ட கேக்கலாம்ல?"

"நான் எதுக்குக் கேக்கணும்? இருவது வருசப் பழக்கம். எனக்குப் போன்ல அழைப்பு அனுப்புறானேன்னு ஆத்திரத்துல விட்டுட்டேன்" என்றார்.

அதைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நேற்றிலிருந்து அவர் போனில் வாட்ஸ்அப் திறக்காமல் நம்பர் கேட்டுக்கொண்டே இருந்ததாம். ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்தாராம். பேங்க்கிலிருந்து இரண்டு முறை ஏதோ எண் வந்து, வந்த வேகத்தில் காணாமல் போனதாம்.

"அண்ணே, நான் சொல்றதை மட்டும் கேளுங்க. போனை அணைங்க. சிம்மைக் கழட்டுங்க. பேங்க் நாலு மணி வரைக்கும்தான். இப்பவே நேர்ல போய்க் கணக்கை நிப்பாட்டச் சொல்லுங்க. அப்புறம் மண்டி போன்ல இருந்து சைபர் போலீஸ் நம்பர் 1930க்கு அடிச்சுப் புகார் குடுங்க."

"நீ எப்ப இதெல்லாம் படிச்ச?"

"அதை அப்புறம் கேக்கலாம். கெளம்புங்க."

வைத்தபிறகுதான் கவனித்தேன். நான்கு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சில் நலமா என்றுகூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. அண்ணன் இறங்கினார். முடி நன்றாக வெளுத்திருந்தது. அணைத்துவைத்த போனை ஒரு மஞ்சள் பையில் சுற்றி, தேளைப் பிடித்து வந்தவர் மாதிரி தள்ளிப் பிடித்திருந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். காலையில் என்னைக் கிண்டல் செய்தவர் அவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"கணக்கை நிப்பாட்டியாச்சு. கொஞ்சம் போயிருக்கு. பெருசு தப்பிச்சிருச்சு. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா ஒண்ணும் சொல்றதுக்கில்லைனு மேனேஜர் சொன்னாரு" என்றார் அண்ணன். நான் தேநீர் போடப் போனேன்.

ரீனா டீச்சரை என் போனில் சத்தமாகப் பேசவிட்டு, அவர் சொல்லச் சொல்ல அண்ணன் போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்தோம். கடையிலிருந்து வாங்கிய முதல் நாள் மாதிரி ஆக்குவதற்கு அரைமணி நேரம் ஆனது. சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அண்ணன் கேட்டார்: "கல்யாணம் இல்லைனு இப்ப எல்லாருக்கும் சொல்லணுமே. போன்ல சொன்னாப் போதுமா?"

"எவன் நம்புவான்? கோவத்துல இருக்காக. வீடு வீடா நேர்லதான் போகணும். ஏ.பி.கே-யைத் தொறந்த வீட்டுக்கெல்லாம் வைத்தியமும் பண்ணணும். நானும் வாரேன்."

"கல்யாணம் இல்லைனு சொல்றதுக்கு நாப்பது வீட்டுப் படி ஏறணுமா? கற்கண்டும் கொண்டு போகணுமா?" என்றார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பிறகு நாங்களும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் பழைய கதை நினைவுக்கு வந்தது. நான்தான் சொன்னேன்: "அன்னைக்கு நான் ஒத்தையா ஆட்டோ பிடிச்சாவது வந்து கூப்பிட்டிருக்கணும்ணே. தப்பு என்னுதுதான்."

அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிம்மைத் திரும்பப் போட்டதும் வாட்ஸ்அப் வந்துவிட்டது. திருடன் அதில் ரகசிய எண் எதுவும் வைக்காமல் விட்டிருந்தான். வைத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்றார் டீச்சர். "இப்ப நீங்க ஆறு இலக்கத்துல ஒரு ரகசிய எண் வைங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாது. பிறந்த நாள், வண்டி நம்பர், யாரும் யூகிக்கிற எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார்.

"வாய்விட்டுச் சொல்லாதீங்கண்ணே!" என்று கத்தினேன். அதற்குள் ஆறும் காதில் விழுந்துவிட்டது.

"ஒங்கிட்டத்தான சொல்றேன். ஒங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்ல?"

நான் அந்த ஆறு எண்களையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நாள், மாதம், வருஷம். என் மகளின் நிக்காஹ் தேதி.

"தேதி வைக்கக் கூடாதுனு டீச்சர் சொன்னாங்கள்ல?" என்றேன்.

"யூகிக்கிறதைத்தான வைக்கக் கூடாது? இதை எவன் யூகிப்பான்? நான் போகாத கல்யாணம்" என்றார் அண்ணன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அன்னைக்குக் குளிச்சு, புதுச் சட்டை போட்டு, மண்டிக்குள்ள உக்காந்திருந்தேன். நீ ஒரு போன் அடிப்பன்னு."

அதே மண்டி, அதே லேண்ட்லைன். நான் அடிக்கவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்ட எண் இனி ரகசியம் இல்லை என்று சொல்லி, அதை மாற்ற வைத்தேன். மாற்றிவிட்டதால்தான் உங்களிடம் இதைச் சொல்கிறேன். புது எண் என்னவென்று எனக்குத் தெரியாது. அண்ணன் அதைத் தட்டும்போது நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். கேட்கக் கூடாது என்பதற்காக மட்டும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, உலையில் இன்னும் மூன்று ஆளுக்கு அரிசி சேர்த்துப் போட்டேன். அண்ணியையும் சபிஹாவையும் சாப்பிட வரச் சொல்லி, நானே ஆட்டோ பிடித்துப் போய், நேரில் கூப்பிட்டேன்.